வெப்பமின் பொருளை மேம்படுத்தும் முறை: குறைகள், டோப்பிங், எது முதலில் எது பிறகு

மலேசியாவின் பினாங்கில் உள்ள நிபோங் திபால் பக்கம் எங்கு திரும்பினாலும் செம்பனைதான். செம்பனை எண்ணெய் ஆலை பாய்லரின் வீணாகும் சூட்டிலிருந்து, சூட்டு வேறுபாட்டை நேராக மின்சாரமாக மாற்றும் வெப்பமின் பொருளைக் கொண்டு மின்சாரம் எடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டு இறுதியாண்டு மாணவர்கள் வருவதற்கும் அதுதான் காரணம். கேள்வி நல்ல கேள்வி. ஆனால் வேலையைத் தொடங்கியதும் பெரும்பாலோர் நேராக டோப்பன்ட் (மின் தன்மையை மாற்றச் சிறிதளவு சேர்க்கும் வேற்றுத் தனிமம்) டப்பாவைத் திறந்துவிடுகிறார்கள். அங்கேதான் மாதக்கணக்கில் சிக்கிக்கொள்கிறார்கள்.

இந்த வேலைக்கு ஒரு வரிசை உண்டு. பொருளுக்குள் தானாக உண்டாகும் குறைகளை, அதாவது படிகத்தில் அணு இல்லாத அல்லது தவறான அணு உட்கார்ந்த இடங்களை, முதலில் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். அதன் பிறகுதான் டோப்பிங், அதாவது டோப்பன்ட்டைச் சேர்ப்பது. வெப்ப ஓட்டத்தைத் தடுப்பதற்காக நாமாகச் சேர்க்கும் குறைகள் கடைசி. வரிசை மாறினால் அளவீடு எதற்கும் பொருள் இருக்காது. கீழே பிஸ்மத் டெல்லூரைடை முதன்மை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன். தேவைப்படும் இடத்தில் மெக்னீசியம் ஆன்டிமோனைடும் வரும்.

1. சூடான பக்கம் எத்தனை பாகை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பொருளின் தரத்தைச் சொல்லும் எண் இசட்டி (zT). சீபெக் எண்ணின் (ஒரு கெல்வின் சூட்டு வேறுபாட்டுக்குக் கிடைக்கும் மின்னழுத்தம்) வர்க்கத்தை மின் கடத்துத்திறனாலும் கெல்வின் வெப்பநிலையாலும் பெருக்கி, வெப்பக் கடத்துத்திறனால் வகுத்தால் அது கிடைக்கும். எல்லா வெப்பநிலைக்கும் ஒரே இசட்டி கிடையாது. டோப்பிங்கைக் கூட்டினால் உச்சம் அதிக வெப்பநிலைக்கு நகரும், குறைத்தால் கீழே இறங்கும். எந்த வெப்பநிலைக்குச் செய்கிறோம் என்று தெரியாமல் 'சரியான டோப்பிங்' என்று ஒன்றைச் சொல்லவே முடியாது.

ஆகவே, எந்தப் பரப்பில் பொருத்தப் போகிறீர்களோ அங்கே தெர்மோகப்பிளை (சூட்டை அளக்கும் கம்பி உணரி) ஒட்டி அளந்து பாருங்கள். புகையின் சூடு வேறு, குழாயின் வெளிப்பரப்புச் சூடு வேறு. சூடான பக்கம் 150 பாகை செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 40 பாகை என்று வைத்துக்கொண்டால், இசட்டி 1 உள்ள பொருளின் உச்ச வினைத்திறன் ஏறக்குறைய 5 விழுக்காடு. நம் ஊர் வெயிலில் குளிர்ந்த பக்கத்தை 40 பாகைக்குக் கீழே வைத்திருப்பது சுலபமல்ல என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வெப்பநிலைக்கு பிஸ்மத் டெல்லூரைடு குடும்பம் பொருந்தும். அதன் ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரானை ஓடவிடத் தேவையான ஆற்றல்) மிகச் சிறியது, சுமார் 0.15 எலக்ட்ரான் வோல்ட். அதனால் சூடு ஏறும்போது எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் இல்லாத இடம், கூட்டல் மின்னூட்டம்போல் நகரும்) சேர்ந்தே கிளம்பி ஒன்றின் மின்னழுத்தத்தை மற்றது தின்றுவிடும். 150 பாகைக்கு மேல் இது உறுத்தத் தொடங்கும்.

2. கையில் இருக்க வேண்டியவை

0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசு, வெற்றிடத்தில் அடைத்து உருக்கக் குவார்ட்ஸ் குழாய், வெப்பம் ஏறும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சூளை, ஆர்கான் நிரப்பிய குளோவ் பாக்ஸ் (காற்றுப் படாமல் கையாளும் பெட்டி), பொடியைச் சூட்டில் அழுத்த ஹாட் பிரஸ் அல்லது ஸ்பார்க் பிளாஸ்மா கருவி. அளவீட்டுக்கு எக்ஸ்ஆர்டி (படிக அமைப்புக்கு எக்ஸ் கதிர்), ஹால் (எலக்ட்ரான், துளை எண்ணிக்கைக்கு), சீபெக், லேசர் ஃபிளாஷ் (வெப்பக் கடத்துத்திறனுக்கு) ஆகிய நான்கும் வேண்டும். நான்கும் ஒரே கூடத்தில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் எந்த மாதிரி எங்கே, எந்த நாளில் அளக்கப்படும் என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள். ஹால் கருவிக்கு முறை வரும்வரை காத்திருக்கும் மாணவர்தான் "சரி, அதற்குள் இன்னும் ஐந்து மாதிரி செய்து வைப்போம்" என்று இருட்டில் நடக்கத் தொடங்குகிறார்.

பாதுகாப்பில் விளையாட வேண்டாம். டெல்லூரியம் உடம்புக்குள் போனால் மூச்சில் பூண்டு வாடை பல நாள் நிற்கும்; அந்த வாடை வந்தால் உங்கள் முகக்கவசமும் புகைப்போக்குப் பெட்டியும் சரியில்லை என்று அர்த்தம். செலினியம் ஆவி அதைவிட ஆபத்தானது. மெக்னீசியம் பொடி தீப்பிடிக்கும், அந்தத் தீயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. உலர்ந்த மணல் வாளி பக்கத்தில் இருக்கட்டும்.

3. உங்கள் பொருளில் எந்தக் குறை தானாக வருகிறது என்று எழுதி வையுங்கள்

இந்த ஒரு பக்கத்தை எழுதாமல் சூளையைப் பற்றவைக்காதீர்கள்.

பிஸ்மத் டெல்லூரைடில் மூன்று குறைகள் முக்கியம். பிஸ்மத் அணு டெல்லூரியத்தின் இடத்தில் போய் உட்கார்ந்தால் ஒரு துளை கிடைக்கும். டெல்லூரியம் பிஸ்மத்தின் இடத்தில் உட்கார்ந்தால் எலக்ட்ரான் கிடைக்கும். டெல்லூரியத்தின் இடம் காலியாக இருந்தாலும் எலக்ட்ரான்தான், ஒரு காலியிடத்துக்கு 2 வரை. இரண்டு தனிமங்களும் எலக்ட்ரான் கவரும் ஆற்றலில் நெருக்கமானவை என்பதால் இந்த இடமாற்றம் சுலபமாக நடக்கும். சரியாக 2-க்கு 3 என்று எடை போட்டு உருக்கினாலும் படிகம் கொஞ்சம் பிஸ்மத் மிகுந்தே உறையும். அதனால் அது பி வகையாக, அதாவது துளை மிகுந்ததாக, வரும்.

ஆன்டிமனியைச் சேர்த்தால் அது இன்னும் எளிதாக டெல்லூரியத்தின் இடத்தைப் பிடிக்கும், துளைகள் பெருகும். செலினியத்தைச் சேர்த்தால் இடமாற்றம் கடினமாகி, செலினியம் ஆவியாகி விட்டுச்செல்லும் காலியிடங்கள் மேலோங்கும், எலக்ட்ரான் பெருகும். பி வகைக்கு ஆன்டிமனிக் கலவையும் எலக்ட்ரான் மிகுந்த என் வகைக்குச் செலினியக் கலவையும் நிலைத்துப்போனதன் பின்னணி இதுதான். 'எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள்' என்று எழுதினால் தேர்வாளர் விடமாட்டார்.

மெக்னீசியம் ஆன்டிமோனைடில் கதை வேறு. அங்கே மெக்னீசியத்தின் காலியிடம்தான் எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிறது. ஒவ்வொன்றும் எலக்ட்ரானை விழுங்கும். அதனால் அது பி வகைப் பொருள் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 2016-இல் ஜப்பானில் தமாக்கியும் அவர் குழுவினரும் மெக்னீசியத்தை வேண்டுமென்றே மிகையாக வைத்து, கொஞ்சம் டெல்லூரியம் சேர்த்து என் வகையாக்கினார்கள். 3 பங்கு மெக்னீசியத்துக்குப் பதில் 3.2 பங்கு. இசட்டி 716 கெல்வினில் 1.5 வரை போனது. மிகை மெக்னீசியம் இல்லாமல் அதே டெல்லூரியத்தைப் போட்டிருந்தால் அந்த என் வகைப் பொருள் கிடைத்திருக்காது.

4. டோப்பிங் இல்லாமல், இரண்டு விளிம்பிலும் ஒவ்வொரு மாதிரி செய்யுங்கள்

போன பருவத்தில் ஒரு மாணவர் கேட்டார்: "அண்ணே, டெல்லூரியத்தைக் கூட்டிக்கிட்டே போறேன், ஹால் எண் நகரவே மாட்டேங்குது. இன்னும் போடவா?"

"மெக்னீசியம் எவ்வளவு வச்சீங்க தம்பி?"

"சரியா மூணுக்கு ரெண்டு."

பதில் அதிலேயே இருந்தது. எலக்ட்ரான் தரும் டோப்பன்ட்டைக் கூட்டக் கூட, எலக்ட்ரானை விழுங்கும் காலியிடம் உண்டாவதற்குத் தேவையான ஆற்றல் குறைந்துகொண்டே போகும். நாம் போடப் போட, பொருள் தானே ஈடுகட்டிக்கொள்ளும். ஓட்டைத் தோம்பில் பால் ஊற்றுகிற கதை. முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும், அதாவது மெக்னீசியம் மிகுந்த பக்கத்தில் நின்று காலியிடம் உண்டாவதைக் கடினமாக்க வேண்டும்.

எப்படி அடைப்பது? ஒரு தனிமம் சற்றே மிகையாக இருக்கும்படி ஒரு மாதிரி, மற்றது மிகையாக இருக்கும்படி இன்னொரு மாதிரி. இவைதான் அந்த இரண்டு விளிம்பு. மிகை போதுமானதாக இருந்தால் இரண்டாம் பொருள் ஒன்று ஓரமாகப் பிரிந்து நிற்கும். இரண்டு தனிமச் சேர்மத்தில் இரண்டு திடப்பொருள் சேர்ந்து சமநிலையில் இருந்தால், அந்த வெப்பநிலையில் இயைபு, அதாவது தனிமங்களின் விகிதம், ஆணியடித்தது போல் நிலைத்துவிடும். மூன்று தனிமம் என்றால் மூன்று திடப்பொருள் வேண்டும். ஒரே பொருள் மட்டும் சுத்தமாக இருந்தால் அழகாகத் தெரியும், ஆனால் இயைபு அந்தச் சிறு இடைவெளிக்குள் எங்கு வேண்டுமானாலும் மிதக்கலாம். அடுத்த முறை வேறு எண் வரும்.

புதியவர்கள் எக்ஸ்ஆர்டியில் கூடுதல் கோடு தெரிந்ததும் மாதிரியைத் தூக்கிப் போடுகிறார்கள். போடாதீர்கள். இந்தப் படியில் அந்தக் கோடு உங்களுக்கு வேண்டியது. ஓரிரு விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும் இரண்டாம் பொருளை எக்ஸ்ஆர்டி காட்டாது என்பதால் எலக்ட்ரான் நுண்ணோக்கியிலும் பார்த்துவிடுங்கள்.

இரண்டு விளிம்பிலும் ஹால் அளவு எடுத்தால், டோப்பிங் இல்லாமலே இந்தப் பொருள் எந்த எல்லை முதல் எந்த எல்லை வரை போகும் என்று தெரிந்துவிடும். உங்களுக்கு என் வகை வேண்டுமா? எலக்ட்ரான் அதிகமாக, அல்லது துளை குறைவாக இருக்கும் விளிம்பில் நின்றுகொண்டு அடுத்த படிக்குப் போங்கள்.

5. எடைக் கணக்கு: மில்லிகிராமில்தான் எல்லாமே

வெப்பமின் பொருளுக்கு ஊர்தி (மின்னூட்டத்தைச் சுமக்கும் எலக்ட்ரான் அல்லது துளை) அடர்த்தி கன செ.மீ.க்கு 10¹⁹ முதல் 10²¹ வரை வேண்டும். பிஸ்மத் டெல்லூரைடுக்கு 5×10¹⁹ என்று வைப்போம். அதன் ஒரு கன செ.மீ.யில் ஏறத்தாழ 3×10²² அணுக்கள் இருக்கின்றன. அப்படியென்றால் 600 அணுவில் ஒன்று ஊர்தி தந்தால் போதும்.

10 கிராம் மாதிரியில் அந்த அளவு ஊர்தி தர அயோடின் வேண்டுமானால் வெறும் 13 மில்லிகிராம். அயோடினை அப்படியே எடை போட்டால் தராசிலேயே ஆவியாகிக்கொண்டிருக்கும். பிஸ்மத் அயோடைடாக 21 மில்லிகிராம் எடுங்கள். அதைவிட நல்ல வழி, டோப்பன்ட் மிகுந்த தாய்க்கலவை ஒன்றைச் செய்து, அதைத் தூய பொருளோடு வெவ்வேறு விகிதத்தில் கலப்பது. எடைப் பிழை வெகுவாகக் குறையும்.

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். அதே 10 கிராமில் 1 மில்லிகிராம் டெல்லூரியம் ஆவியாகி, ஒவ்வொரு அணுவும் 2 எலக்ட்ரான் தரும் காலியிடத்தை விட்டுச்சென்றால், கன செ.மீ.க்கு 7×10¹⁸ எலக்ட்ரான் கூடிவிடும். 7 மில்லிகிராம் போனால் நீங்கள் திட்டமிட்ட டோப்பிங் முழுவதற்கும் சமம். குழாய்ச் சுவரில் படிந்த கறுப்பு மினுமினுப்பைத் துடைத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். உருக்கும் முன்பும் பின்பும் கட்டியை எடை போட்டு, வித்தியாசத்தை நோட்டில் எழுதுங்கள். இந்த ஒரு பழக்கத்தால் தெளிந்த குழப்பங்கள் ஏராளம்.

6. உருக்குதல், அரைத்தல், அழுத்துதல்

குவார்ட்ஸ் குழாயை முதலில் காலியாகச் சூடாக்கி ஈரத்தை விரட்டுங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் ஒட்டாத பரப்பே இல்லை. ஈரம் ஆக்சைடாகும், ஆக்சிஜன் பிஸ்மத் டெல்லூரைடில் எலக்ட்ரான் தரும் மாசு. உலோகத் துண்டுகளின் மேல்தோலைச் சுரண்டிவிட்டு எடை போடுங்கள். மேல்தோல் உலோகமல்ல, ஆக்சைடு. மெக்னீசியம் குவார்ட்ஸையே அரிக்கும், அதை நேரடியாகக் குவார்ட்ஸில் வைக்கவே வைக்காதீர்கள்.

சூளையை இரவில் போடுவது நல்லது. மாலை இடிமழையில் மின்சாரம் தடைப்பட்டால் பாதி உருகிய கட்டி மெதுவாகக் குளிர்ந்து, மேலே ஒரு இயைபும் கீழே ஒரு இயைபுமாகப் பிரிந்துவிடும்.

அரைக்கும் இடத்தில்தான் பெரிய ஆச்சரியம் காத்திருக்கிறது. கட்டியாக இருந்தபோது பி வகை. அரைத்து அழுத்தி வில்லையாக்கியதும் என் வகை, அல்லது துளை பாதியாகக் குறைந்திருக்கும். மாதிரி மாறிப்போனதோ என்று தேடுவார்கள். மாறவில்லை. அரைக்கும்போது படிக அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, டெல்லூரியக் காலியிடங்கள் கூடுதலாக உண்டாகின்றன. அவை எலக்ட்ரானைத் தருகின்றன. அரைக்கும் நேரமே இங்கே ஒரு டோப்பிங் மாதிரிதான் வேலை செய்கிறது. எனவே பந்து எடை, பொடி எடை, வேகம், நேரம் எல்லாவற்றையும் தொடர் முழுவதும் மாற்றாமல் வைத்திருங்கள். அழுத்திய பின் நீண்ட நேரம் மிதமான சூட்டில் பதப்படுத்தினால் இந்தக் காலியிடங்கள் கணிசமாகக் குறையும்.

அழுத்திய வில்லையின் அடர்த்தி கோட்பாட்டு அளவில் 95 விழுக்காடாவது இருக்கட்டும். பொந்துகள் நிறைந்த வில்லையில் வெப்பக் கடத்துத்திறன் குறைவாகக் காட்டும். அது உங்கள் சாதனை அல்ல.

7. இப்போது டோப்பிங்

டோப்பன்ட்டைத் தேர்ந்தெடுக்க நான்கு கேள்வி. எந்த அணுவின் இடத்தில் உட்காரும்? அந்த அணுவைவிட எத்தனை எலக்ட்ரான் கூட அல்லது குறைவு? அளவு பொருந்துமா? எவ்வளவு கரையும்? பிஸ்மத்தின் இடத்தில் ஈயமோ வெள்ளீயமோ உட்கார்ந்தால் துளை. டெல்லூரியத்தின் இடத்தில் அயோடின் உட்கார்ந்தால் எலக்ட்ரான். செம்பு கவனமாகக் கையாள வேண்டிய ஆள். அடுக்குகளின் இடைவெளியில் புகுந்து நகரும். இன்று அளந்தது அடுத்த மாதம் மாறலாம்.

ஐந்து மாதிரி போதும், ஒவ்வொன்றும் முந்தையதைப்போல் இரு மடங்கு. டோப்பன்ட்டைத் தவிர எதையும் மாற்றாதீர்கள். நீங்கள் போட்ட அளவுக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஊர்தியை ஒரு அச்சிலும், ஹாலில் கிடைத்ததை இன்னொரு அச்சிலும் குறியுங்கள். கோடு நேராகப் போனால் டோப்பன்ட் வேலை செய்கிறது. ஓரிடத்தில் படுத்துவிட்டால் இரண்டில் ஒன்று: கரையாமல் தனியே பிரிந்திருக்கும், அல்லது எதிர்க்குறை ஈடுகட்டுகிறது. நுண்ணோக்கியில் பிரிந்த திட்டுக்கள் தெரிந்தால் முதலாவது. தெரியவில்லையென்றால் நான்காம் படிக்குத் திரும்பி விளிம்பை மாற்றிப் பாருங்கள்.

8. சீபெக்கையும் ஹாலையும் சேர்த்துப் படியுங்கள்

வகையைச் சட்டென்று தெரிந்துகொள்ளச் சாதாரண மல்டிமீட்டரும் சால்டரிங் அயனும் போதும். சிவப்பு முனையைச் சூடாக்கி வில்லையில் வையுங்கள், கறுப்பு முனை குளிர்ந்த இடத்தில். மின்னழுத்தம் கூட்டல் குறியில் வந்தால் என் வகை, கழித்தலில் வந்தால் பி வகை. பெரிய கருவிக்கு அனுப்பும் முன் ஒவ்வொரு வில்லைக்கும் இதைச் செய்துவிடுங்கள், வில்லையின் இரண்டு பக்கத்திலும். இரு பக்கமும் வேறு வேறு காட்டினால் அந்த வில்லையை மேற்கொண்டு அளப்பது வீண்.

அப்புறம் எண்கள். இசட்டி உச்சத்தில் இருக்கும்போது சீபெக் எண் பெரும்பாலும் கெல்வினுக்கு 200 முதல் 250 மைக்ரோவோல்ட் அருகில் நிற்கும். 120-க்குக் கீழே இருந்தால் டோப்பிங் அதிகம். ரொம்பப் பெரிதாக இருந்தால் குறைவு. சீபெக் குறைவாகவும் ஹால் காட்டும் ஊர்தியும் குறைவாகவும் இருந்தால் இரண்டு வகை ஊர்திகளும் கலந்திருக்கின்றன என்று சந்தேகியுங்கள். அந்த நிலையில் ஹால் எண்ணை நம்ப முடியாது.

சூடு ஏற ஏற சீபெக் எண் ஏறி, ஓரிடத்தில் திரும்பி இறங்கும். அந்த உச்ச மதிப்பையும் கெல்வின் வெப்பநிலையையும் பெருக்கி இரட்டித்தால் ஆற்றல் இடைவெளியின் தோராய அளவு வரும். 200 மைக்ரோவோல்ட், 400 கெல்வின் என்றால் 0.16 எலக்ட்ரான் வோல்ட். திருப்பம் உங்கள் ஆலைக் குழாய்ச் சூட்டுக்கு முன்பே வந்துவிட்டால் டோப்பிங்கைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

9. வெப்பத்தைத் தடுக்கும் குறைகள், கடைசியாக

வெப்பத்தைச் சுமக்கும் ஃபோனான்கள் (படிகத்தின் அதிர்வலைகள்) பல அலைநீளத்தில் ஓடுகின்றன. குட்டை அலைகளைத் தனி அணுக் குறைகள் சிதறடிக்கும், நடுத்தர அலைகளைப் படிக வரிசையில் விழும் பிசகுகள், நீண்ட அலைகளைத் துகள் எல்லைகள். பிஸ்மத்தையும் ஆன்டிமனியையும் கலப்பதே ஒரு நல்ல தடை, ஏனென்றால் ஒன்றின் அணு நிறை 209, மற்றது 122. 2008-இல் இந்தக் கலவையை நானோ பொடியாக்கி அழுத்தியதில் 100 பாகையில் இசட்டி 1.4 கிடைத்தது. 2015-இல் கொரியக் குழு ஒன்று மிகை டெல்லூரியத்தை அழுத்தும்போதே உருகி வெளியேற வைத்து, துகள் எல்லைகளில் நெருக்கமான பிசகு வரிசைகளை உண்டாக்கியது. அவர்கள் அறிவித்தது 320 கெல்வினில் 1.86.

இதைப் படித்ததும் எல்லோருக்கும் இங்கிருந்து தொடங்க ஆசை வரும். ஆனால் நானோ அரைத்தல் என்ன செய்கிறது? ஆறாம் படியில் சொன்னபடி ஊர்தியையும் மாற்றிவிடுகிறது. வெப்பம் குறைந்ததால் இசட்டி ஏறியதா, டோப்பிங் நகர்ந்ததால் ஏறியதா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகும். அதனால்தான் இது கடைசி.

ஒவ்வொரு குறையும் ஃபோனானை மட்டுமல்ல, எலக்ட்ரானையும் தடுக்கும். ஊர்தி நகரும் வேகத்தை, அதாவது மொபிலிட்டியை, படிகம் கடத்தும் வெப்பத்தால் வகுத்துப் பாருங்கள். அந்த விகிதம் கூடினால் மட்டுமே குறை பயன்பட்டது. வெப்பம் 20 விழுக்காடு குறைந்து மொபிலிட்டி 30 விழுக்காடு குறைந்தால் நஷ்டம்.

10. அளவீட்டில் கவனிக்க வேண்டியவை

பிஸ்மத் டெல்லூரைடு அடுக்கடுக்கான பொருள். அடுக்கின் வழியே மின்சாரமும் வெப்பமும் எளிதாக ஓடும், குறுக்கே கடினம். லேசர் ஃபிளாஷ் வில்லையின் தடிமன் வழியாக வெப்பத்தை அளக்கும். வில்லையிலிருந்து கிடையாக வெட்டிய பட்டையில் மின்சாரத்தை அளந்தால் அது வேறு திசை. இரண்டையும் ஒரே கணக்கில் போட்டால் இசட்டி பொய்யாக ஏறும். உயரமான உருளையாக அழுத்தி, இரண்டு மாதிரியையும் ஒரே திசையில் வெட்டுங்கள்.

வெப்பக் கடத்துத்திறனுக்கு வேண்டிய தன்வெப்பம் பிஸ்மத் டெல்லூரைடுக்குக் கிராமுக்குக் கெல்வினுக்கு 0.156 ஜூல் அருகில் வர வேண்டும். 0.13 என்று வந்தால் சந்தேகப்படுங்கள். மொத்த வெப்பத்திலிருந்து எலக்ட்ரான் சுமக்கும் பங்கைக் கழித்த பின் மிச்சம் பூஜ்யத்துக்குக் கீழே போனால், அளவீட்டில் எங்கோ தவறு.

இசட்டியில் மொத்தப் பிழை 10 முதல் 20 விழுக்காடு வரை சாதாரணமாகவே வரும். 1.00 என்பது 1.05 ஆனதை முன்னேற்றம் என்று எழுத வேண்டாம்.

11. சூடாக்கி, ஆற்றி, மறுபடி அளந்த பிறகே முடிவு

சூடு ஏறும்போது ஒரு கோடு, இறங்கும்போது வேறு கோடு என்று வந்தால் பொருள் இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது. டெல்லூரியம் வெளியேறலாம், செம்பு நகரலாம், காலியிடங்கள் ஆறிக்கொண்டிருக்கலாம். பயன்பாட்டுச் சூட்டில் சில நாள் வைத்துவிட்டு மறுபடி ஹாலும் சீபெக்கும் எடுங்கள். இரண்டு சுற்றும் பிழை எல்லைக்குள் ஒன்றிவந்தால்தான் ஆலைக் குழாயில் பொருத்துவதைப் பற்றி யோசிக்கலாம்.

ஒவ்வொரு வில்லையிலிருந்தும் ஒரு துண்டை வெட்டி, சிலிக்கா ஜெல்லோடு காற்றில்லாப் பையில் அடைத்து, எந்த விளிம்பு, எடை இழப்பு எவ்வளவு, அரைத்த நேரம், அழுத்திய திசை ஆகிய நான்கையும் பையின் மேலேயே எழுதி வையுங்கள். அடுத்த பருவத்தில் வேலையைத் தொடரப்போகும் மாணவருக்கு உங்கள் ஆய்வறிக்கையைவிட அந்தத் துண்டுதான் முதலில் தேவைப்படும்.